கல்லில்லாத கற்றளி

வெள்ளானூரிலும் அதைச் சூழ்ந்து ஆவடிக்கும் செங்குன்றத்துக்கும் இடையே கிடக்கும் சிற்றூர்களிலும், ஏர் நடந்த நிலமெல்லாம் ஒவ்வொன்றாய் மனைப்பிரிவாகிவரும் இக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல் நட்ட வெற்று மனையில், முள்ளும் கோரையும் மண்டிய தரையில், ஒரு புருஷனும் மனைவியும் நின்றுகொண்டு, இல்லாத ஒரு வீட்டைப் பற்றி மெய்யாகவே வழக்காடிக்கொண்டிருப்பார்கள். "ஏங்க, சமையக்கட்டு இந்த மூலைக்கு வந்துட்டா ஹால் சின்னதாயிடாது?" என்பாள் அவள். அவனோ மேஸ்திரி சொன்ன கணக்கை மனத்தில் ஓட்டி, நாலெட்டு நடந்து, எழும்பாத சுவரில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கித் திரும்பி, "இல்ல, இங்கதான் வாசப்படி வருது, பாரு" என்று காற்றில் கைகாட்டுவான். வங்கிக் கடன் கிடைத்து, கடக்கால் தோண்டி, கம்பி கட்டி, தளம் போட்டு, அந்த வீடு ஸ்தூலமாக எழுவதற்குப் பல வருஷங்கள் ஆகலாம், ஒருகால் எழாமலே போகவும் கூடும். ஆயினும் அதில் அவர்கள் குடியேறி நெடுநாளாயிற்று.

இதற்குத் தியானம் என்று பெயரிட அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அப்பெயர் வேறோர் இடத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாலை வேளையில் கல்யாண மண்டபத்தின் மாடியிலோ, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு படுக்கையிலோ, கண்ணை மூடியவர்களை ஒரு குரல் வழிநடத்திக்கொண்டு போகிறது. கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் அங்கமாக நினைந்து தளரவிடச் சொல்லி, மூச்சின் போக்கைக் கவனிக்கச் சொல்லி, பின்னர்ப் பத்துப் படிகள் கீழே இறங்கச் செய்து, படியடியில் ஒரு கதவு இருப்பதாக அறிவித்து, அதைத் திறந்தால் ஆழ்மனத்தில் புதைந்துகிடப்பது எதுவோ அது எதிரே நிற்கும் என்று உறுதி கூறுகிறது. கதவைத் திறப்பதற்கு ஒரு நிமிஷம், கண்டதை உணர்வதற்கு இரண்டு நிமிஷம், மேலேறி வருவதற்கு ஒரு நிமிஷம் என்று காலம் கறாராக வகுக்கப்பட்டிருக்கும். இந்த முயற்சியை நான் பரிகசிக்கப் புகவில்லை. அதனால் உறக்கம் கண்டவர்களையும், நெஞ்சின் படபடப்பு அடங்கியவர்களையும் அறிவேன். ஆனால் ஆழ்மனத்தை அறிவதற்கு அதுவே ராஜபாட்டை என்று சொல்லப்படும்போது, ஆவடியிலிருந்து மின்ரயிலில் மேற்கே நாலாவது நிலையமாகிய திருநின்றவூரில், பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதே வழியில் நெடுந்தூரம் நடந்துபோன ஒருவருடைய ஞாபகம் வந்து குறுக்கே நிற்கிறது.

பூசலார் நாயனாருடைய சரித்திரம் தமிழர் பலரும் கேட்டறிந்ததே. தொண்டைநாட்டு நின்றவூரில் அந்தணர் குலத்தில் பிறந்த அவர், சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விரும்பினார், பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தார், ஒன்றும் கைகூடவில்லை. என் செய்வேன் என்று நைந்து, முடிவில் மனத்தினாலேயே கோயில் கட்டத் துணிந்தார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவருடைய ஊரையும் பேரையும் ஓர் அடைமொழியோடு மாத்திரம் சொல்லிப் போனார். சோழன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில், அதைப் புராணமாக விரித்தவர் சேக்கிழார். அந்த விரிவுதான் இங்கே கவனிக்கத்தக்கது. பக்தர் ஒருவர் கண்ணை மூடினார், கோபுரம் எழுந்தது என்று ஒரே செய்யுளில் முடித்திருக்கலாம். அப்படி முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. பூசலார் முதலில் நிதியை மனத்துக்குள் சிறிது சிறிதாகத் தேடிச் சேர்க்கிறார். பிறகு கட்டுமானத்துக்கு வேண்டிய சாதனங்களைக் கூட்டுகிறார். தச்சர்களைத் தேடி அமர்த்துகிறார். ஆகம விதிப்படி நல்ல நாள் பார்த்து அடிநிலை பாரிக்கிறார். இரவிலும் கண் துஞ்சாது வேலையை நடத்துகிறார். உபானம் முதலிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுகின்றன, விமானம் அளவுப்படி உயர்கிறது, சிகரம் வைத்தாகிறது, சுதைவேலை முடிகிறது. அப்புறமும் அவர் ஓயவில்லை. கிணறு வேண்டும், மதில் வேண்டும், குளம் வேண்டும் என்று ஒவ்வொன்றாய் நிறைவேற்றி, பிரதிஷ்டைக்கு நாளும் குறிக்கிறார்.

நிஜமான காசு இல்லாமையால் மனத்தில் கட்டப் புகுந்தவர், மனத்தில் கட்டும்போதும் முதலில் காசு சேர்க்கிறார் என்னும் இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மனோராஜ்யத்தில் எவர்தாம் சில்லறை எண்ணுவார்? பாவனைக்குள் பஞ்சம் ஏது? வேண்டுமளவு பொன்னை ஒரு நொடியில் குவித்துக்கொள்வதற்குத் தடை சொல்வார் யார்? பகற்கனவு காண்பவன் அப்படித்தான் செய்வான். பூசலார் அப்படிச் செய்யாததே அவருடைய காரியத்தைப் பகற்கனவிலிருந்து பிரித்து வைக்கிறது. வெளியுலகத்தில் ஒரு காரியம் எந்த வரிசையில், எந்தத் தடைகளைத் தாண்டி, எத்தனை பேருடைய கைபட்டு நடக்குமோ, அந்த வரிசையையும் தடையையும் கைகளையும் அவர் உள்ளே அப்படியே அழைத்துக்கொள்கிறார். சேக்கிழார் குன்றத்தூரில் பிறந்தவர், சோழ அரசில் அமைச்சராய் இருந்தவர் என்பது மரபு. திருப்பணிகளின் நிர்வாகத்தை அருகிருந்து பார்த்த உத்தியோகஸ்தருக்கே, மனக்கோயிலுக்கும் வரவு செலவு உண்டு என்று எழுதத் தோன்றும் என்பது என் ஊகம். கவியும் கணக்கும் சேர்ந்த அந்த மனத்துக்கு, பூவிருந்தவல்லியைச் சுற்றிய இந்த மேற்குப்புறத்து ஊர்க்காரர்களாகிய நாங்கள் சற்றே உரிமையுடன் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

உள்ளே கட்டுவதற்கும் காலம் பிடிக்கும் என்னும் இந்த விஷயத்தை, வேறொரு திசையிலிருந்து வந்த மனோதத்துவ சாஸ்திரிகளும் தங்களுடைய பரிசோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் காஸ்லின் 1978இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், ஒரு தீவின் படத்தை மனப்பாடம் செய்தவர்களைக் கண்ணை மூடி அதில் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மனத்தாலேயே போகச் சொன்னார்; படத்தில் தூரம் மிகுந்த இடங்களுக்குப் போக மனத்துக்கும் நேரம் மிகுதியாகப் பிடித்தது. 1995இல் பாஸ்குவல்-லியோனும் அவர் தோழர்களும் நடத்திய சோதனையில், பியானோவில் ஐந்து விரல் பயிற்சியை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஐந்து நாள் கையால் செய்தவர்களுக்கு மூளையில் அவ்விரல்களுக்குரிய பகுதி எப்படி விரிந்ததோ, விரலையே அசைக்காமல் மனத்தால் மட்டும் வாசித்தவர்களுக்கும் ஏறக்குறைய அப்படியே விரிந்தது. பாவனை வெறும் பொய்யன்று, அது உடம்பின்மேல் எழுதும் என்று இதனால் தெரிகிறது. எழுதுவதற்கு அந்தச் சோதனையிலேயே ஐந்து நாள் வேண்டியிருந்தது என்பதையும் உடன் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. தியான வகுப்பில் "வெண்தாமரையைப் பாருங்கள்" என்று சொல்லும்போது இருளைத் தவிர ஒன்றும் தெரியாமல், தம்மிடம் ஏதோ குறை இருப்பதாக நினைத்துச் சங்கடப்படுகிறவர்கள் உண்டு. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880இலேயே தம் நண்பர்களிடம் அன்றைய காலை உணவு மேஜையை மனத்தில் காணும்படி கேட்டு, அறிவாளிகளாகிய பலர் தங்களுக்கு அப்படி எந்தப் படமும் தோன்றுவதில்லை என்று சொன்னது கேட்டு வியந்தார். 2015இல் ஆடம் செமன் என்னும் வைத்தியர் இந்நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயரும் சூட்டினார். அத்தகையவர்கள் பூசலார் புராணத்தைப் படித்தால் ஆறுதல் பெறலாம். கோயில் அவருக்கு எப்படிக் காட்சியளித்தது, என்ன வர்ணத்தில் ஜொலித்தது என்றெல்லாம் அங்கே வர்ணனை விரிவதில்லை; தேடினார், சேர்த்தார், நாள் பார்த்தார், அமைத்தார் என்று செயல்களே அடுக்கடுக்காய் வருகின்றன.

கோயில் கட்டிய மனத்தைப் பார்த்தோம். இனி வீட்டில் இறங்கிய மனம் ஒன்றையும் பார்க்கலாம். 1909ஆம் வருஷம் ஆழ்மன ஆராய்ச்சியாளர்களாகிய ஃபிராய்டும் கார்ல் யுங்கும் கப்பலில் அமெரிக்கா சென்றபோது, யுங் ஒரு கனவு கண்டார். அவருக்குச் சொந்தமென்று தோன்றிய இரண்டடுக்கு வீடு அது. மேல்தளம் நாகரிகமான தளவாடங்களுடன் விளங்குகிறது. கீழ்த்தளமோ பல நூற்றாண்டு பழமையானது. அதன் கீழே ரோமர் காலத்து நிலவறை. அதற்கும் கீழே கல்லைத் தூக்கினால் ஒரு குகை, குகையில் சிதைந்த எலும்புகளும் இரண்டு மண்டையோடுகளும். ஒரு தனி மனிதனுடைய ஆழ்மனத்துக்கும் அடியில் மனித குலத்துக்கே பொதுவான ஒரு படிவம் கிடக்கிறது என்னும் பிற்காலக் கொள்கைக்கு இந்தக் கனவே வித்து என்று யுங் எழுதினார். இன்றைய தியானக் குரல்கள் நம்மை இறக்கிவிடும் படிக்கட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உறவு நெருங்கியதென்று எனக்குத் தோன்றுகிறது. கனவைக் கேட்ட ஃபிராய்டு அடுக்குகளை விட்டுவிட்டு, அந்த மண்டையோடுகள் யாருடையவை, யாருடைய மரணத்தை நீர் விரும்புகிறீர் என்பதையே துருவிக் கேட்டாராம். குருவுடன் சச்சரவு வேண்டாமென்று நினைத்த யுங், தம் மனைவியின் பெயரையும் மைத்துனியின் பெயரையும் சொல்லி ஒப்பேற்றிவிட்டார். ஆழ்மனத்து ஆராய்ச்சியில் இவ்விருவரினும் தேர்ந்தவர்கள் அன்றைய உலகில் இல்லை. வழிகாட்டி எதை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்ததும் அவர்களில் ஒருவரே அதை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றால், கல்யாண மண்டபத்து மாடியில் கண்மூடிக் கிடக்கும் நம் கதியை யோசிக்க வேண்டும்.

யோசித்தவர் ஒருவர் உண்டு. எலிசபெத் லாஃப்டஸ் என்னும் உளவியல் ஆசிரியை 1995இல் தோழி ஒருவருடன் வெளியிட்ட சோதனையில், 24 பேரிடம் அவர்களுடைய பாலியத்தில் நடந்த மூன்று மெய்ச் சம்பவங்களோடு, கடைத்தெருவில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தையும் சேர்த்துக் கொடுத்து நினைவுகூரச் சொன்னார். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் நடவாத அந்தச் சம்பவத்தையும் முழுமையாகவோ அரைகுறையாகவோ நினைவுகூர்ந்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில், கண்ணை மூடி உன் குழந்தைப் பருவத்துக்குப் போ, அந்த அறையில் யார் நிற்கிறார் பார் என்று வழிநடத்திய சிகிச்சைகளால், நிகழாத கொடுமைகள் நினைவாகி, பெற்றோரும் பிள்ளைகளும் நியாயஸ்தலங்களில் எதிரெதிரே நிற்க நேர்ந்த வரலாறு உண்டு. பிரமை பிடித்து அல்லற்படுவோரை இத்தகைய பயிற்சியில் தனியே இறக்கிவிடுவது அபாயம் என்பதை வைத்தியர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். மனம் என்னும் நிலவறையில் எடுத்ததெல்லாம் அங்கே கிடந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இறங்கும்போது நம் மடியில் குரல் கட்டிவிட்டதையே அங்கே கண்டெடுத்துத் திரும்பியிருக்கவும் கூடும்.

இதை உணர்ந்தே, ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ்கார்ல் லாய்னர் 1950களில் ஒரு முறையை வகுத்தபோது, குரல் சொல்ல வேண்டியதை மிகவும் சுருக்கிவிட்டார். புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் ஓரம் என்னும் ஐந்தே காட்சிகளில் ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றதை நோயாளியின் பாவனைக்கே விட்டு, அவன் கண்டதைச் சொல்லக் கேட்டிருப்பார். நிலக்காட்சி ஐந்து என்று கேட்டதும் தமிழ் படித்தவனுக்கு நெஞ்சில் ஒரு மணி அடிக்காமல் இராது. மலையைச் சொன்னால் கூடலும், காட்டைச் சொன்னால் காத்திருத்தலும், கடற்கரையைச் சொன்னால் இரங்கலும் என்று, அகத்தின் நிலையை நிலத்தின் பெயராலேயே பேசிய இலக்கணம் நம்முடையது. முதலும் கருவும் உரியுமாகத் தொல்காப்பியம் வகுத்த அந்த ஏற்பாட்டில், தலைவி தன் மனத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. நெய்தல் நிலத்து நாரை ஒன்று நிற்பதைச் சொன்னால் போதும். இவ்வளவு செல்வத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, நம் தமிழ்த் தியான ஒலிப்பதிவுகள் ஏன் பனிமலைச் சாரலிலும் பைன் மரக்காட்டிலும் நம்மை நடக்கச் சொல்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. வெள்ளானூர்க்காரனுடைய ஆழ்மனத்தில் பனிமலை இருக்க நியாயமில்லை. அங்கே ஏரிக்கரை இருக்கும், கரையில் பனைவரிசை இருக்கும், மதகடியில் இறங்கக் கூடாதென்று பாட்டி சொன்ன சொல் இருக்கும். அயலூர்க் காட்சியைப் பாவிக்கும்போது அவன் எதையும் கண்டெடுப்பதில்லை. காலண்டரில் பார்த்த படத்தைத் திரும்பப் பார்க்கிறான்.

நம் தேசத்திலும் இவ்வித்தைக்குப் புது உருக்கொடுத்தவர்கள் உண்டு. பீகாரில் மூங்கேர் நகரத்தில் யோகப் பள்ளி நிறுவிய சுவாமி சத்தியானந்த சரசுவதி, அங்கங்களில் மந்திரத்தை நிறுத்தும் நியாசம் என்னும் தாந்திரிக முறையிலிருந்து எடுத்து அமைத்த யோக நித்திரை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதில் உடம்பின் பகுதிகளை வரிசையாக நினைத்து வந்த பின், காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகச் சொல்லப்படும். எதிலும் நிற்க விடமாட்டார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சங்கற்பத்தை மனத்தில் ஊன்றச் சொல்வார்கள். அந்தச் சங்கற்பம் பெரும்பாலும் தன்னைப் பற்றியதாகவே இருக்கிறது: என் பயம் நீங்க வேண்டும், என் பழக்கம் மாற வேண்டும், எனக்குள் ஒளிந்திருப்பது எனக்குத் தெரிய வேண்டும்.

பூசலாருடைய காரியத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேற்றுமை இந்த இடத்தில்தான் இருக்கிறதென்று நினைக்கிறேன். அவர் தமக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகவில்லை. வரப்போகும் ஒருவருக்கு இடம் செய்யப் போனார். மனை பார்க்க வந்த அந்தத் தம்பதிகளும் தங்கள் ஆழ்மனத்தை ஆராய வந்தவர்கள் அல்லர். ஆயினும் சமையலறை எங்கே என்னும் அரைமணி நேர வழக்கில், அவளுடைய பிறந்த வீட்டு அடுப்படியின் புகையும், அவனுடைய தகப்பனார் வாடகை வீட்டில் பட்ட அவமானமும், வயோதிகத் தாய்க்குக் கழிப்பறை எத்தனை எட்டில் இருக்க வேண்டும் என்னும் கவலையும், யாரும் அழைக்காமலே மேலே வந்துவிடுகின்றன. சம்ஸ்காரம், வாசனை என்று நம் முன்னோர் குறித்த அந்தப் பழைய படிவங்கள், "வெளியே வா" என்று கதவைத் தட்டினால் வருவதைவிட, வேறொருவருக்காகக் கருத்தூன்றி வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கவாட்டில் தாமாகவே வந்து நிற்பதை அதிகமாகப் பார்த்திருக்கிறேன். யுங்கும், மாய உருவங்களோடு தனித்துப் போராடி அவற்றைச் சிவப்புத் தோலட்டைப் புத்தகத்தில் எழுதியும் வரைந்தும் வந்த வருஷங்களுக்கு இடையே, 1923 முதல் சூரிச் ஏரிக்கரையில் பொல்லிங்கன் என்னுமிடத்தில் ஒரு கல்வீடு கட்டத் தொடங்கினார். கற்கொத்தர்களிடம் தொழில் கற்றுக்கொண்டு, பலகாலம் இடைவிட்டு இடைவிட்டு அதை வளர்த்தார். இறங்கிப் பார்த்தது போதாமல் அவருக்கும் ஏதோ ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது.

பூசலார் சரித்திரத்தின் பிற்பகுதி எல்லோரும் அறிந்தது; சுருக்கமாகச் சொல்லலாம். அவர் குறித்த அதே நாளில், காஞ்சியில் காடவர் கோமான் எடுத்த கற்றளிக்கும் பிரதிஷ்டை குறிக்கப்பட்டிருந்தது. முந்திய இரவு இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து கட்டிய ஆலயத்தில் நாளை புகுகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றருளினான். அரசன் நின்றவூருக்கு வந்து, பூசலார் அமைத்த கோயில் எங்கே என்று கேட்க, அப்படியொரு கோயில் இவ்வூரில் இல்லை என்றார்கள் ஊரார். பூசலாரைக் கண்டு வினவியபோது அவரும் மருண்டார். பொருளில்லாத தம்மையும் இறைவன் ஒரு பொருளாக மதித்தானே என்று உருகி, நினைவால் எடுத்த கோயிலைச் சொன்னார். அரசன் நிலத்தில் விழுந்து வணங்கிப் போனான். பூசலார் குறித்த வேளையில் பிரதிஷ்டை செய்து, நாள்தோறும் பூசையை நடத்தி வாழ்ந்தார். இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் கல்லாலேயே இருக்கிறது. கருவறைக்குள் லிங்கத்தோடு பூசலாரும் எழுந்தருளியிருக்கிறார். இருதய நோயுள்ளவர்கள் நேர்ந்துகொண்டு வருகிறார்கள்.

அந்தக் காடவர் கோமானை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்த பல்லவன் ராஜசிம்மன் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். அவனுடைய கோயிலைச் சுற்றிலும் 58 சிறு சன்னதிகள் உண்டு. அவற்றின் முகப்புகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட அவன் விருதுப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மனிதன் தன் பெயரை இத்தனை தரம் கல்லில் படிக்க விரும்பினான் என்பதும் மனோதத்துவ ஆராய்ச்சிக்குரிய விஷயமே. விமானத்தின் புறத்தே ஓடும் வடமொழிச் சாசனத்தில் ஒரு சுலோகம், துஷ்யந்தன் முதலிய அரசர்கள் அசரீரி வாக்கைக் கேட்டது முன்யுகத்துச் செய்தி, இந்தக் கலியுகத்தில் ஸ்ரீபரனாகிய இவ்வரசனும் அதைக் கேட்டானே என்று வியக்கிறது. பூசலார் கதைக்கு இது புறச்சான்று என்பது ஒரு சாரார் கருத்து. அசரீரி கேட்டது என்பதை மாத்திரம் சாசனம் சொல்கிறது. அது என்ன சொல்லிற்று என்பதைக் கல்லில் வெட்ட அரசன் உத்தரவிடவில்லை.